பதவி ஏற்பதா? பணி ஏற்பதா?

விழாக்களுக்குப் பஞ்சமில்லாத ஊர் நமது புதுவை. வில்லியனூர் மாதா திருவிழாவும், வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகமும் ஆண்டு தவறாமல் நம்மை அழைக்கின்றன. தேசியக் கொடி ஏறும் நாட்களும் நமக்கு மற்ற ஊராரைவிட அதிகம். குடியரசு நாள், சுதந்திர நாள் ஆகியவற்றோடு, 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நம் மண்ணை விட்டு அகன்ற நவம்பர் 1-ஆம் நாளையும், 1962-இல் அந்த மாற்றம் சட்டப்படி நிறைவெய்திய ஆகஸ்டு 16-ஆம் நாளையும் நாம் கொண்டாடுகிறோம். இத்தனை விழாக்களைக் கண்டு பழகிய நமக்கு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தலைநகர் தில்லியில் நடைபெறும் ஒரு விழாவைப் பற்றி எண்ணிப் பார்க்க நேரமே இருப்பதில்லை. அதுதான் நாட்டின் புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்கும் விழா.

நாங்களும் அதைப் பற்றி எண்ணிப் பார்த்தவர்கள் அல்லர். இவ்வாண்டு குடிமையியல் வகுப்பில் குடியரசுத் தலைவரைப் பற்றிய பகுதி வந்தபோது, எங்கள் ஆசிரியை 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் திருமதி திரௌபதி முர்மு அவர்கள் நாட்டின் 15-ஆவது குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற நிகழ்ச்சியின் பதிவைத் திரையில் காட்டினார்கள். பாடம் நடத்தாமல் படம் காட்டுகிறார்களே என்ற மகிழ்ச்சியோடுதான் நாங்கள் உட்கார்ந்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முதலில் எங்கள் கண்ணைக் கவர்ந்தவை குதிரைகள்தாம். தலைப்பாகை அணிந்த மெய்க்காவல் படையினர் அணிவகுக்க, பதவி விலகும் குடியரசுத் தலைவர் திரு. ராம்நாத் கோவிந்த் அவர்களும் புதியவரும் பாராளுமன்றத்தின் மைய மண்டபத்திற்கு வந்தார்கள். சிவப்பும் பச்சையும் கலந்த கரையுடைய வெள்ளைச் சந்தாலிக் கைத்தறிச் சேலையில் புதியவர் எளிமையாகக் காட்சி தந்தார். தலைமை நீதிபதி என். வி. ரமணா அவர்கள் பிரமாணம் செய்து வைக்க, அவர் இந்தியில் கடவுளின் பெயரால் உறுதி கூறிக் கையொப்பமிட்டார். 21 பீரங்கிக் குண்டுகள் முழங்கின. பழையவரும் புதியவரும் இருக்கை மாறி அமர்ந்தார்கள். பிரமாணம் மட்டும் ஒரு நிமிட அளவில் முடிந்துவிட்டது.

"இவ்வளவு ஏற்பாடும் இந்த ஒரு நிமிடத்துக்குத்தானா?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "அதற்கு விடையை நீங்களே தேடி எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். அப்படித் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

விடை தேடி முதலில் வீட்டாரிடம் சென்றோம். ஒரு தோழியின் அப்பா, "ஜனாதிபதி என்பவர் ரப்பர் ஸ்டாம்ப் அம்மா. மந்திரிகள் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவர் வேலை. அதற்கு 340 அறை உள்ள மாளிகை எதற்கு, குதிரைப்படை எதற்கு?" என்றார். இன்னொருத்தியின் அம்மா, "ஒரு பெண் அங்கே போய் நிற்கிறாளே, அதைப் பார்ப்பதற்காகவாவது விழா வேண்டாமா?" என்றார். மூன்றாமவளின் தாத்தா நம் ஊரில் சொல்வது போல் ஒரு 'சொல்தா'. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். தேர்தல் வந்தால் நம் ஊர்க் கன்சுலேட்டிலேயே பிரான்சு நாட்டு அதிபருக்கு வாக்களித்து வருவார். "எங்கள் பிரெசிதானை நாங்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறோம். உங்கள் ஜனாதிபதிக்கு நீங்கள் வாக்களித்தீர்களா?" என்று அவர் எங்களை மடக்கிவிட்டார்.

இம்மூன்று கருத்துகளிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் மூன்றும் சேர்ந்தும் அந்த ஒரு நிமிடத்திற்கு விடையாகவில்லை.

சொல்தா தாத்தாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வது சரியே. நம் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பாராளுமன்றத்திற்கும் சட்டமன்றங்களுக்கும் நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர்கள் நம் சார்பில் வாக்களிக்கிறார்கள். இதில் நம் புதுவைக்கு ஒரு தனிக் கதை உண்டு. நெடுங்காலம் நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்கே இல்லை. மாநிலங்களின் உறுப்பினர்களுக்கு மட்டுமே அவ்வுரிமை இருந்தது. 1992-இல் செய்யப்பட்ட 70-ஆவது அரசியல் சட்டத் திருத்தம்தான் தில்லிக்கும் புதுவைக்கும் அந்த உரிமையைத் தந்தது. 2022-ஆம் ஆண்டுத் தேர்தலில் நம் உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 16. முப்பதின்மருக்கும் சேர்த்து 480. தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவருக்கோ 176. 1971-ஆம் ஆண்டு மக்கள் தொகையைக் கொண்டு கணக்கிடுவதால் இந்த வேறுபாடு. அந்தத் தேர்தலில் திருமதி முர்மு அவர்கள் பெற்ற வாக்கு மதிப்பு 6,76,803. அந்தப் பெருங்கடலில் நம் 480 ஒரு குடம் நீர்தான். ஆனாலும் அது நம் குடம்.

இன்னொன்றையும் நாம் மறத்தல் கூடாது. புதுவை ஒரு யூனியன் பிரதேசம். அரசியல் சட்டத்தின் 239-ஆவது பிரிவின்படி யூனியன் பிரதேசத்தை நிர்வகிப்பவர் குடியரசுத் தலைவரே. தம் சார்பில் துணைநிலை ஆளுநரை அவர் அனுப்புகிறார். நம் முதலமைச்சரை நியமிப்பவரும் அவரே. தமிழ்நாட்டில் அந்தப் பணியை ஆளுநர் செய்கிறார். ஆகவே, தில்லியில் நடக்கும் விழா நமக்கு எதற்கு என்று மற்றவர் கேட்டாலும், புதுவையார் கேட்கலாகாது.

தாத்தா பேசிய பிரான்சு நாட்டு விழாவையும் நாங்கள் தேடிப் படித்தோம். அதே 2022-ஆம் ஆண்டில் மே 7-ஆம் நாள், திரு. எம்மானுவேல் மாக்ரோன் அவர்கள் இரண்டாம் முறையாக பிரான்சு அதிபர் பொறுப்பை ஏற்றார். எலிசே மாளிகையில் அரசியல் சட்ட மன்றத்தின் தலைவர் தேர்தல் முடிவை அறிவிக்கிறார். பாரிசிலும் 21 குண்டுகள் முழங்குகின்றன. அனைத்தும் நம் விழாவைப் போலவே இருக்கின்றன, ஒன்றைத் தவிர. இன்றைய பிரெஞ்சுக் குடியரசின் அதிபர் பதவிப் பிரமாணம் எதுவும் செய்வதில்லை! மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அதுவே போதும் என்பது அவர்கள் முறை. நம் நாட்டில் அது போதாது. தேர்தலில் வென்றவர், அரசியல் சட்டத்தின் 60-ஆவது பிரிவின்படி தலைமை நீதிபதியின் முன் நின்று வாயால் உறுதி கூறியாக வேண்டும். அதற்குப் பிறகே அவர் பதவியில் அமர முடியும்.

இதைத் தாத்தாவிடம் சொன்னோம். சிறிது நேரம் மௌனமாக இருந்தார். "நான் சிப்பாயாக இருந்தவன். வாக்குறுதி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அது நல்ல வழக்கம்தான்" என்றார்.

அப்படி என்னதான் உறுதி கூறுகிறார் குடியரசுத் தலைவர்? சுருக்கமாகச் சொன்னால் மூன்று. பதவிக்குரிய பணிகளை உண்மையோடு ஆற்றுவேன் என்பது முதலாவது. அரசியல் சட்டத்தையும் நாட்டின் சட்டத்தையும் தம்மால் இயன்ற மட்டும் பேணிக் காப்பேன் என்பது இரண்டாவது. இந்திய மக்களின் பணிக்கும் நலனுக்கும் தம்மை ஒப்படைப்பேன் என்பது மூன்றாவது. அமைச்சர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் அரசியல் சட்டத்திற்கு உண்மையாக இருப்போம் என்றே உறுதி கூறுகிறார்கள். ஆனால் குடியரசுத் தலைவரும் மாநில ஆளுநர்களும் அதைக் காப்போம் என்று உறுதி கூறுகிறார்கள். வீட்டிற்கு விசுவாசமாக இருப்பது வேறு. வீட்டைக் காப்பது வேறல்லவா?

கடவுளின் பெயரால் உறுதி கூறலாம். அதில் நம்பிக்கை இல்லாதவர் தம் உளமாரக் கூறலாம். இரண்டும் சட்டத்தின் முன் ஒன்றே. கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்திற்கும் செல்லும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் பள்ளியில் இருக்கும் எங்களுக்கு, இந்த ஏற்பாட்டின் அருமை எளிதில் விளங்குகிறது.

"தம்மால் இயன்ற மட்டும்" என்ற சொற்கள் எங்கள் உள்ளத்தில் பதிந்துவிட்டன. நாட்டின் முதல் குடிமகனோ குடிமகளோ, எல்லாம் என்னால் முடியும் என்று அங்கே முழங்குவதில்லை. இயன்றதை முழுமையாகச் செய்வேன் என்று மட்டும் அடக்கத்தோடு கூறுகிறார். வள்ளுவர் இறைமாட்சி என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஆள்பவருக்கு இருக்க வேண்டிய பண்புகளை அடுக்கியிருக்கிறார். ஆனால் முடியாட்சிக் காலத்தில், அந்தப் பண்புகள் உம்மிடம் உள்ளனவா என்று குடிமக்கள் அரசரைக் கேட்க எளிதில் முடியாது. குடியாட்சியில் ஆள்பவர் தாமே முன்வந்து வாக்குக் கொடுக்கிறார். வாக்குக் கொடுத்தவரைக் கேள்வி கேட்க மற்றவருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. அரசியல் சட்டத்தை மீறினால் குடியரசுத் தலைவரையும் பதவி நீக்கம் செய்யப் பாராளுமன்றத்திற்கு 61-ஆவது பிரிவு வழி வகுத்திருக்கிறது.

விழாவின் மேளதாளங்கள் எல்லாம் இந்த வாக்குக்கு அணிகலன்களே அன்றி, அவையே விழா ஆகா. இதற்கு உலக வரலாற்றிலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடி டல்லஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நாட்டின் முதல் கத்தோலிக்க அதிபர் அவர். துணை அதிபர் ஜான்சன் விமானத்துக்குள்ளேயே நின்று பதவிப் பிரமாணம் எடுத்தார். அணிவகுப்பு இல்லை, இசை இல்லை. விமானத்தில் இருந்த, கென்னடியின் கத்தோலிக்கத் திருப்பலிப் புத்தகத்தின் மேல் கை வைத்து அவர் உறுதி கூறினார். செய்து வைத்தவர் சாரா ஹியூஸ் என்ற பெண் நீதிபதி. எந்த ஆடம்பரமும் இல்லாத அந்தப் பிரமாணம் செல்லாமல் போய்விட்டதா? இல்லையே! மாறாக, 2009-இல் பெருங்கூட்டத்தின் முன் திரு. ஒபாமா அவர்கள் பிரமாணம் எடுத்தபோது ஒரு சொல் இடம் மாறிவிட்டது. எதற்கும் ஐயம் வேண்டாம் என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் மீண்டும் அதைக் கூறினார். குதிரைகள் இல்லாவிட்டாலும் குறையில்லை. சொல் தவறினால் குறை என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

நம் நாட்டிலும் இந்த விழா ஒரே வடிவில் நடந்ததில்லை. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் டாக்டர் ராஜேந்திர பிரசாத் அவர்கள் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது 31 குண்டுகள் முழங்கின. அன்று அந்த முழக்கம் நமக்கு உரியதாக இருக்கவில்லை. பிரான்சின் அதிபர் வென்சான் ஓரியோல் அவர்களே அன்று நம் ஊருக்கும் தலைவர்! 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய நம் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்த பின்னரே நிலைமை மாறியது. 1962-இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியபோது குடியரசுத் தலைவராக இருந்தவர், திருத்தணியில் பிறந்த ஆசிரியப் பெருந்தகை டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்கள். ஜூலை 25-இல் பதவியேற்கும் வழக்கம் 1977-இல் திரு. சஞ்சீவ ரெட்டி அவர்களோடு தொடங்கியது. அதே நாளில் 1987-இல் தஞ்சைத் தரணியின் திரு. ஆர். வெங்கட்ராமன் அவர்களும், 2002-இல் இராமேசுவரம் தந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்களும், 2007-இல் முதல் பெண் குடியரசுத் தலைவராகத் திருமதி பிரதிபா பாட்டீல் அவர்களும் உறுதி கூறினார்கள்.

இனி, ரப்பர் ஸ்டாம்ப் என்ற அப்பாவின் வாதத்திற்கு வருவோம். அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்பது சட்டம். அதை நாங்கள் மறுக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அரசை மீறி ஒருவர் தம் விருப்பப்படி ஆளத் தொடங்கினால் அது குடியாட்சி ஆகாது. ஆனால் கையெழுத்திடும் முன் சிந்திக்க அவருக்குத் தடையில்லை. இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

1975-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் இரவு. உள்நாட்டு நெருக்கடி நிலைப் பிரகடனம் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அவர்களிடம் வந்தது. அமைச்சரவை அதுவரை கூடவில்லை. மறுநாள் காலையில்தான் கூடியது. ஆயினும் அன்றிரவே அவர் கையொப்பமிட்டார். மக்களின் உரிமைகள் பல முடக்கப்பட்டன; பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. பின்னர் 1978-இல் 44-ஆவது திருத்தம், அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் வந்தாலன்றி இத்தகைய பிரகடனம் செய்யலாகாது என்று விதித்தது.

1997-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர அமைச்சரவை பரிந்துரைத்தது. கோட்டயம் மாவட்டத்தின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து குடியரசுத் தலைவரான திரு. கே. ஆர். நாராயணன் அவர்கள், மறுபடி எண்ணிப் பாருங்கள் என்று அதைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவையும் எண்ணிப் பார்த்தது, பரிந்துரையைக் கைவிட்டது.

இருவர் எடுத்ததும் ஒரே பிரமாணம். இருவருக்கு முன்னும் ஒரு காகிதம், ஒரு பேனா. வேறுபாடு எங்கே? எடுத்த பிரமாணம் கையொப்பமிடும் நேரத்தில் நினைவுக்கு வந்ததா என்பதில்தான் இருக்கிறது என்பது எங்கள் தாழ்மையான கருத்து. ரப்பர் ஸ்டாம்பு திருப்பிக் கேட்காது. மனிதரால் கேட்க முடியும்.

பெண் ஒருத்தி அங்கே நிற்பதே பெருமை என்ற அம்மாவின் கருத்தும் எங்களுக்கு உவப்பானதே. ஒரிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் உபர்பேடா என்ற சிற்றூரில் சந்தாலிப் பழங்குடிக் குடும்பத்தில் 1958-இல் பிறந்தவர் திருமதி முர்மு. தம் ஊரிலிருந்து கல்லூரி சென்ற முதல் பெண் அவர். நாடு விடுதலை பெற்ற பின் பிறந்து குடியரசுத் தலைவரானவர்களில் முதல்வர். ராய்ரங்க்பூரில் ஸ்ரீ அரவிந்தர் பெயர் தாங்கிய பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றியவர். அந்த அரவிந்தர் 1910 முதல் வாழ்ந்தது நம் புதுவையில் அல்லவா? 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவராக நம் ஊருக்கு வந்தபோது, அவர் அரவிந்தர் ஆசிரமத்திற்கும் ஆரோவில்லுக்கும் சென்றார். பெருமைதான். ஆனால் அங்கே நின்றதோடு பெருமை முடிந்துவிடுவதில்லை. நின்று சொன்ன சொல்லைக் காப்பதில்தான் அது நிலைக்கிறது. ஆணுக்கும் இது பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும், பதினைந்து வயதுப் பெண்களான எங்களுக்கும் பொருந்தும்.

எங்களுக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இதைச் சொல்லாமல் கட்டுரையை முடித்தால், ஊருக்கு உபதேசம் செய்தவர்களாகிவிடுவோம்.

எங்கள் பள்ளியிலும் ஆண்டுதோறும் மாணவத் தலைவியர் பதவியேற்பு விழா நடைபெறுகிறது. இவ்வாண்டு எங்களில் சிலர் தலைவியரானோம். வெள்ளைச் சீருடை அணிந்து, தோளில் பட்டை துலங்க, நெஞ்சில் வில்லை மின்ன, எரியும் மெழுகுதிரியோடு உறுதிமொழி கூறினோம். பெற்றோர் படம் எடுத்தார்கள். அன்று மாலை வீட்டில் இனிப்பும் உண்டு.

வாயிலில் நின்று தாமதமாக வருபவர்களின் பெயரை எழுதுவது எங்கள் பணிகளில் ஒன்று. பாகூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் மாணவி ஒருத்தி அடிக்கடி சில நிமிடம் தாமதமாக வருவாள். அவள் பெயரை நாங்கள் தவறாமல் எழுதினோம். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி வீடுள்ள எங்கள் தோழி ஒருத்தியும் தாமதமாக வருவாள். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே அனுப்பினோம். ஒரு நாள் இருவரும் ஒன்றாகவே வாயிலுக்கு வந்தார்கள். ஒரு பெயரைத்தான் எழுதினோம். "நான் தாமதமாக வந்தது உண்மைதான். அவளும்தானே வந்தாள்?" என்று பாகூர்க்காரி கேட்டாள். "அதைக் கேட்பது உன் வேலையில்லை" என்றோம். மூன்று முறை பெயர் வந்ததால் அந்த வார எறிபந்து அணியில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அணியில் மிக நன்றாக ஆடுபவள் அவள்தான்.

குடியரசுத் தலைவரின் பதவியேற்பைத் திரையில் பார்த்தபோது அவள் எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்போது எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இந்தக் கட்டுரைக்காக இரண்டு காகிதங்களையும் இரண்டு கையொப்பங்களையும் பற்றிப் படித்த நாளில்தான், எங்கள் கையிலும் ஒரு நோட்டும் ஒரு பேனாவும் இருந்தது நினைவுக்கு வந்தது. கேள்வி கேட்டவளை, கேட்காதே என்று வாயடைத்ததும் நினைவுக்கு வந்தது.

தலைமையாசிரியை சிஸ்டரிடம் சென்று நடந்ததைக் கூறினோம். கடுமையான தண்டனையை எதிர்பார்த்தோம். சிஸ்டர், "பதவியேற்ற அன்று நீங்கள் சொன்ன உறுதிமொழியை இப்போது சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டார்கள். முதல் வரிக்கு மேல் எங்களில் ஒருத்திக்கும் நினைவில் இல்லை! அதைவிடப் பெரிய தண்டனையை அவர்கள் தந்திருக்க முடியாது. பிறகு அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டோம். விளையாட்டு ஆசிரியையிடமும் உண்மையைச் சொன்னோம். அவள் மறு வாரமே அணிக்குத் திரும்பினாள். எங்களோடு இன்னும் முன்போல் பேசுவதில்லை. அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

ஆகவே, அன்புள்ள சிஸ்டர்களே, பெற்றோர்களே, அடுத்த ஆண்டு தலைவியராகப் போகும் தங்கைகளே! எங்கள் அனுபவத்திலிருந்து மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கிறோம்.

முதலாவது, உறுதிமொழி சுருக்கமாக இருக்கட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் தமிழிலும் அது கூறப்படட்டும். யாருக்கு வாக்குக் கொடுக்கிறோமோ, அவர்களுக்கு அது புரிய வேண்டுமல்லவா? நாட்டின் தலைவருடைய பிரமாணமே ஒரு நிமிடத்திற்குள் அடங்கும்போது நம்முடையது அதனினும் நீள வேண்டியதில்லை.

இரண்டாவது, உறுதிமொழியை ஒரு முறை சொன்னதோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் காலை வழிபாட்டில் மீண்டும் சொல்லச் செய்யுங்கள். இந்த எண்ணத்தை எங்களுக்குத் தந்தவர்கள் சிஸ்டர்கள்தாம். வெள்ளி விழாக் கண்ட சிஸ்டர் ஒருவர், திருப்பலியில் மெழுகுதிரி ஏந்தித் தம் துறவற வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகள் காத்த வாக்கையே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், இருபத்தைந்து நாட்களில் மறந்துபோன நாங்கள் எத்தனை முறை சொல்ல வேண்டும்!

மூன்றாவது, ஆண்டு முடிவில் பழைய தலைவியர் புதியவர்களோடு மேடைக்கு வரட்டும். செய்தது இது, செய்யத் தவறியது இது என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டு, தில்லியில் நாங்கள் கண்டது போல் இருக்கை மாறி அமரட்டும். பதவியை ஏற்பதற்கு விழா எடுக்கும் நாம், அதை முகமலர்ச்சியோடு ஒப்படைப்பதற்கும் விழா எடுப்போமாக. இருக்கை நமக்குச் சொந்தமன்று. அடுத்தவருக்காக வைத்திருக்கிறோம் என்ற நினைவு அதனால் வளரும்.

குடியரசுத் தலைவர் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. இனி ஒரு ஜூலை 25-ஆம் நாள் தொலைக்காட்சியில் அந்தக் குதிரைகள் வரும்போது, வீட்டிலுள்ள சிறுவர்களை அழைத்து உட்கார வையுங்கள். குதிரைகளை அவர்கள் ஆசை தீரப் பார்க்கட்டும். ஆனால் அந்த ஒரு நிமிடம் வரும்போது, 'இப்போது பேசாமல் கேளுங்கள். இவர் நமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார்' என்று சொல்லுங்கள். வாக்கைக் கேட்டு வைத்திருப்பவர்கள் இருந்தால்தான், கொடுத்தவருக்கும் அது மறக்காமல் இருக்கும்.

எங்கள் வகுப்பிலே சிரிப்பை எழுப்பிய அந்தக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. ஆம், இவ்வளவு ஏற்பாடும் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான். அதன் பிறகு வரும் ஐந்தாண்டும் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான்.

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்,
வகுப்புத் தலைவி